சத்தமில்லாத ஓவர்ஃப்ளோ: கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குள் பழக்கம் உண்டு. புதிதாக ஒருவருக்கு ஆசை வந்தால் எப்படியோ என் தொலைபேசி எண் அவருக்குப் போய்விடுகிறது. மீனைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தால், பாதிப் பேர் கேட்பது குழாயைப் பற்றித்தான். தொட்டி இருப்பது ஹாலில். அதே ஹாலில்தான் வீட்டில் யாராவது படுத்திருப்பார்கள். ஆகவே சத்தம் முதல் வாரமே குடும்பப் பிரச்சினை ஆகிவிடுகிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

நன்னீர்த் தொட்டியில் ஒரு ஃபில்டர் மாட்டினால் போதும். கடல்நீருக்கு மட்டும் எதற்கு ஓவர்ஃப்ளோ, சம்ப் எல்லாம்?

சிறிய தொட்டியை இவை இல்லாமலும் நடத்தலாம், நடத்துகிறார்கள். 200 லிட்டரைத் தாண்டினால் நுரையோடு கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், நீரைக் குளிர்விக்கும் சில்லரின் குழாய், வெப்பமானி என்று ஒவ்வொன்றுக்கும் இடம் தேட வேண்டியிருக்கும். அந்த இடம்தான் ஸ்டாண்டுக்குள் வைக்கும் சம்ப் தொட்டி. மேல்தொட்டி நீர் ஒரு தடுப்பைத் தாண்டி அதன் பின்னுள்ள ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வழிந்து, அங்கே நிற்கும் குழாய் வழியே தன் எடையிலேயே கீழே இறங்குகிறது. ரிட்டர்ன் பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றுகிறது. இறங்கும் அந்த வழிக்குத்தான் ஓவர்ஃப்ளோ என்று பெயர்.

மேற்பரப்பு நீரையே அது எடுப்பதால், உப்புநீரின் மேல் படியும் எண்ணெய்ப் படலம் கீழே போய்விடும். ஆக்சிஜன் கலப்பதும் நன்றாக நடக்கும். மேல்தொட்டியின் மட்டம் எப்போதும் ஒரே கோட்டில் நிற்கும், ஆவியாகிற நீரெல்லாம் சம்ப்பில்தான் குறையும். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியும். இதைப் பின்னால் இன்னொரு கேள்வியில் மறுபடியும் பார்ப்போம்.

சத்தம் பம்ப்பிலிருந்து வருகிறதா, குழாயிலிருந்தா? விலை உயர்ந்த பம்ப் வாங்கினால் தீருமா?

சீராக ரீங்காரமிட்டால் பம்ப். கடகட, கொளகொள, புஸ் என்று மாறி மாறிக் கேட்டால் குழாய். தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான், அதற்கு எவ்வளவு விலை கொடுத்த பம்ப்பும் மருந்தாகாது.

குழாயில் நீர் மட்டும் ஓடினால் சத்தம் வராது. நீரும் காற்றும் ஒரே குழாயில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடத்தும்போதுதான் வருகிறது. நிறைகுடத்தைச் சட்டென்று கவிழ்த்துப் பாருங்கள், கடகடவென்று துள்ளி விழும். காற்று உள்ளே போக வழி விட்டுச் சாய்த்தால் சத்தமில்லாமல் ஊற்றும். ஆகவே ஓவர்ஃப்ளோவை அமைதியாக்க இரண்டே வழிகள் உண்டு. குழாய் முழுவதும் நீரே நிறைந்து, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் ஓட வேண்டும். இது முழு சைஃபன். அல்லது நீர் குழாயின் சுவரை ஒட்டி மெல்லிசாக வழிந்து, நடுவில் காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். இது திறந்த குழாய். சந்தையில் உலவும் பெயர்கள் எல்லாம் இந்த இரண்டின் கூட்டுதான்.

டர்சோ, ஹெர்பி, பீன் அனிமல் என்கிறார்கள். பெயரே புரியவில்லை. என்ன வித்தியாசம்?

மூன்றுமே அவற்றைப் பரப்பிய மீன் வளர்ப்பாளர்களின் பெயரால், அல்லது இணையத்தில் அவர்கள் வைத்துக்கொண்ட புனைபெயரால், அறியப்படுகின்றன. டர்சோ என்பது ஒரே குழாய். மேலே ஒரு டீ (T வடிவ இணைப்பு), அதன் தலையில் சிறு காற்றுத் துளையுள்ள மூடி, பக்கவாட்டில் கீழ்நோக்கிய எல்போ (வளைவு இணைப்பு). நீர்மட்டத்துக்குக் கீழிருந்து நீரை எடுத்து, மேலிருந்து காற்றை விடும் திறந்த குழாய் அது.

ஹெர்பியில் இரண்டு குழாய்கள். ஒன்று முழு சைஃபன். அதன் கீழ்ப்பகுதியில் வால்வு வைத்து, பம்ப் ஏற்றுகிற அளவே இறங்கும்படி நெறிப்படுத்துகிறோம். மற்றொன்று அதைவிட உயரமாக நின்று, அடைப்பு வந்தால் மட்டும் வேலை செய்யும் அவசரக் குழாய். பீன் அனிமல் முறையில் மூன்று: முழு சைஃபன், சிறிதளவு நீர் மட்டும் வழியும் திறந்த குழாய், எப்போதும் காய்ந்திருக்கும் அவசரக் குழாய்.

மூன்றாவதன் கெட்டிக்காரத்தனம் நடுக் குழாயில் இருக்கிறது. பம்ப்பின் ஓட்டம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த வித்தியாசத்தை அது வாங்கிக்கொள்ளும். அதன் தலையிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக் குழாயை எடுத்து, அதன் முனை வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி வைப்பார்கள். சைஃபன் அடைத்து மட்டம் ஏறினால் அந்த முனை மூழ்கும், காற்று நின்றுபோகும், திறந்த குழாயே இன்னொரு முழு சைஃபனாக மாறிவிடும். மின்சாரமும் சென்சாரும் இல்லாமல் நடக்கும் பாதுகாப்பு இது. என் ஓட்டு இதற்குத்தான்.

கண்ணாடியில் ஓட்டை போட பயமாக இருக்கிறது அண்ணா. பின்னால் தொங்கவிடும் ஓவர்ஃப்ளோ பெட்டி விற்கிறார்களே, அது போதாதா?

போதாது. தொட்டிக்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்க விளிம்பைத் தாண்டி வளைந்த குழாய்: அந்த வளைவில் நீர் நிறைந்திருக்கும் வரைதான் எல்லாம் நடக்கும். நாள்பட நாள்பட அங்கே குமிழிகள் சேரும். ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பும்போது சைஃபன் பிடிக்காது. பம்ப் பாட்டுக்கு நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், இறங்க வழி இருக்காது, மிச்சம் தரைக்குத்தான்.

மின்சாரமே போகாத ஊரில் இருப்பவர்கள் அதை வைத்துச் சமாளிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போன மின்சாரம் மாலையில் திரும்பும் நம் ஊரில், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது தானாக எழுந்து ஓடத் தெரியாத எந்த அமைப்பும் வேண்டாம். ஓவர்ஃப்ளோ தேர்வில் சத்தத்துக்கும் முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்.

பழைய தொட்டியை வாங்கினேன். மூலையில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கிறது. இனி என்ன செய்வது?

டர்சோ வையுங்கள், பம்ப்பைச் சிறியதாக்குங்கள். ஒரு அங்குல டர்சோவில் மணிக்குச் சுமார் 1000 லிட்டர் வரை அமைதியாக இறங்கும். அதற்கு மேல் அழுத்தினால் நீர் இறங்கும்தான், ஆனால் பாதிக் காற்றும் கூடவே இறங்கும்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெரிதாக உறிஞ்சி இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிறது என்றால் மேல்மூடியின் காற்றுத் துளை போதவில்லை. சைஃபன் பிடித்துப் பெட்டியை வேகமாகக் காலி செய்கிறது, காற்று புகுந்து அறுந்துபோகிறது, பெட்டி மறுபடி நிறைகிறது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். அல்லது மீன்கடையில் கிடைக்கும் காற்றுக் குழாய் வால்வை அங்கே பொருத்திச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள். ஒரே குழாயின் வாயை வால்வால் மூடி சைஃபனாக ஓட்டப் பார்க்காதீர்கள். மாற்று வழியே இல்லாத குழாயில் ஒரு நத்தை போதும், தொட்டி வழிந்துவிடும்.

இரண்டு ஓட்டை இருக்கிறது. பெரியது இறங்க, சிறியது ரிட்டர்னுக்கு என்று கடைக்காரர் சொல்கிறார். அப்படியே விடலாமா?

விட வேண்டாம். தொட்டி செய்பவர்கள் வழக்கமாக அப்படித்தான் பிரிப்பார்கள். இரண்டு துளைகளையும் இறக்கத்துக்கே எடுத்துக்கொண்டு, ரிட்டர்ன் குழாயைத் தொட்டியின் பின்விளிம்புக்கு மேலாக வளைத்து விட்டால் ஹெர்பி தயார். பின்னால் ஒரு குழாய் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். கருப்பு நிறக் குழாய் போட்டால் அதுவும் தெரியாது.

எது சைஃபன், எது அவசரக் குழாய் என்றால், சிறியது சைஃபனாக இருக்கலாம், பெரியது அவசரத்துக்கு. காற்றோடு இறங்க வேண்டிய குழாய்க்குத்தான் அகலம் அதிகம் தேவை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

புதுத் தொட்டிக்கு மூன்று ஓட்டை போட்டால் கண்ணாடி தாங்குமா?

சாதாரணக் கண்ணாடி தாங்கும். துளைக்கும் துளைக்கும் நடுவிலும், துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவிலும், குறைந்தது ஒரு துளையின் விட்டம் அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியில் மட்டும் துளையிடவே முடியாது, துளையிடும் பிட் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும். சில தொட்டிகளில் அடிக்கண்ணாடி மட்டும் டஃபன்டாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

துளை போடும் முன், அதில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிளை வாங்கிக் கையில் வைத்திருங்கள். மாடி சின்டெக்ஸ் தொட்டிக்குப் போடும் அதே பிளாஸ்டிக் நிப்பிள்தான். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மரையின் வெளிவிட்டம் மாறுகிறது. ஒரு அங்குல நிப்பிள் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் துளை ஒன்று, நிப்பிள் ஒன்று என்று ஆகும். ரப்பர் வாஷர் நீர் இருக்கும் பக்கம், அகன்ற விளிம்புக்கு அடியில் உட்கார வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் திருப்பு போதும். ஸ்பானரை எடுத்துப் பலம் காட்டினால் விரிசல் விடும்.

ஹார்டுவேர் கடையில் 32 எம்.எம்., 40 எம்.எம். என்கிறார்கள். எனக்கு எது வேண்டும்?

அந்த எண்கள் வெளிவிட்டம். 32 மி.மீ. பி.வி.சி. குழாயைத்தான் பேச்சில் ஒரு அங்குலம் என்கிறோம், 40 மி.மீ. என்றால் ஒன்றேகால், 50 மி.மீ. என்றால் ஒன்றரை. உள்ளே 25 மி.மீ. வழி இருந்து, முக்கால் மீட்டர் செங்குத்தாக இறங்கினால், இரண்டு எல்போக்களின் தடையைக் கழித்த பிறகும் ஒரு முழு சைஃபன் மணிக்குச் சுமார் 3000 லிட்டரை இறக்கும். அதே குழாய் டர்சோவாக இருந்தால் எவ்வளவு என்று மேலே பார்த்தோம், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வீட்டுத் தொட்டிகளில் சைஃபனுக்கு 32 தாராளம். திறந்த குழாய்க்கும் அவசரக் குழாய்க்கும் 40 போட்டால் நிம்மதி.

சி.பி.வி.சி.யும் யு.பி.வி.சி.யும் அங்குலக் கணக்கில் வருபவை, 32 மி.மீ. பி.வி.சி. இணைப்புக்குள் அவை சரியாக உட்காராது. எல்லாவற்றையும் ஒரே வகையில், ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். எல்போ 90 பாகைக்குப் பதில் 45 பாகையில் இரண்டாகப் போட்டால் ஓட்டமும் மென்மை, சத்தமும் குறைவு.

பால் வால்வு எங்கும் கிடைக்கிறது. கேட் வால்வுதான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள்? பித்தளை கேட் வால்வு போட்டால் என்ன?

பால் வால்வு கால் சுற்றில் முழுக்கத் திறந்து மூடுவது. நமக்குத் தேவை மயிரிழை மாற்றம். ஒரு மில்லிமீட்டர் கைப்பிடி நகர்ந்தால் மட்டம் நான்கு விரல் ஏறி நிற்கும். கேட் வால்வைப் பல சுற்றுகள் திருகலாம் என்பதால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். உப்பு படிந்தால் பால் வால்வு இறுகியும் போகும்; பலமாகத் திருப்பும்போது கைப்பிடி கையோடு வரும்.

பித்தளை, கன்மெட்டல் வால்வு கூடவே கூடாது. இரண்டிலும் செம்பு இருக்கிறது. பவளம், இறால், நத்தை, நண்டு எதுவும் செம்பைத் தாங்காது, மிகச் சிறிய அளவில்கூட. பிளாஸ்டிக் கேட் வால்வு நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். பெங்களூரிலோ சென்னை கொளத்தூரிலோ மீன் வாங்கப் போகும்போது கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் இணையத்தில் வரவழையுங்கள். முழு அமைப்பிலும் சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள் இது ஒன்றுதான். வால்வுக்கு மேலும் கீழும் ஒரு யூனியன் வைத்தால் கழற்றிக் கழுவலாம்.

நான்கு அடிக்கு இரண்டு அடிக்கு இரண்டு அடித் தொட்டி. எவ்வளவு பெரிய ரிட்டர்ன் பம்ப் போடலாம்?

அந்த அளவில் கிட்டத்தட்ட 450 லிட்டர். சம்ப் வழியாக மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு சுழன்றால் போதும்: 1350 முதல் 2250 லிட்டர். பவளத்துக்குத் தேவையான அலையைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். பம்ப்பைப் பெரிதாக்கி அலை உண்டாக்க நினைப்பவர்கள், வாங்குவது சத்தத்தைத்தான்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு பூஜ்ஜிய உயரத்துக்கானது. சம்ப்பிலிருந்து தொட்டி விளிம்பு வரை ஒன்றேகால் மீட்டர் ஏறும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது பெட்டியின் பக்கத்தில் உள்ள வரைபடத்தில் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். வேகம் கூட்டிக் குறைக்கும் டி.சி. பம்ப் என்றால் வால்வைச் சரிசெய்யும் வேலை பாதியாகிவிடும்.

கரண்ட் போனால் மேல்தொட்டி நீர் முழுக்க சம்ப்புக்கு வந்து தரையில் ஊற்றிவிடுமா?

முழுக்க வராது. வழியும் தடுப்பின் கோடு வரை இறங்கும், ரிட்டர்ன் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறதோ அதுவரை பின்வாங்கும், ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் இருப்பதில் ஒரு பகுதியும் வரும். இதைக் கணக்குப் போட்டே சம்ப்பில் இடம் விட வேண்டும். மேலே சொன்ன நான்கடித் தொட்டியில் மட்டம் 2.5 செ.மீ. இறங்கினால் 18 லிட்டருக்குச் சற்று மேல். பெட்டியும் குழாய்களும் சேர்த்து இன்னொரு எட்டு லிட்டர் வைத்துக்கொள்வோம். மொத்தம் 27 லிட்டர். சம்ப் 90 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம் என்றால் அது கிட்டத்தட்ட 8 செ.மீ. ஏறும். ஓடும்போது சம்ப்பில் 10 செ.மீ. காலியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ரிட்டர்ன் வாயை ஆழமாக வைத்துவிட்டு, பின்வாங்காமல் இருக்க நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறேன் என்பார்கள். சுண்ணாம்புப் பாசியும் மணலும் சேர்ந்து ஒரு நாள் அது மூடாமல் நிற்கும். வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வையுங்கள். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு காற்றுத் துளை போடுவதும் உண்டு. ஆனால் அதைப் பாசி அடைக்காமல் அடிக்கடி குத்திவிட வேண்டும்.

கரண்ட் திரும்பி வந்ததும் இரண்டு நிமிடம் பேய் பிடித்த மாதிரி கத்துகிறது. பிறகு அடங்குகிறது. பழுதா?

பழுதில்லை. நின்றபோது சைஃபன் குழாய்க்குள் காற்று நிறைந்துவிட்டது; மறுபடி ஓடும்போது அந்தக் காற்றைத் தள்ளி வெளியேற்றினால்தான் சைஃபன் பிடிக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கினால் சரி.

அடங்காமல் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் இழுத்தால், குழாயின் கீழ்முனை சம்ப்பில் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பாருங்கள். 2 அல்லது 3 செ.மீ. தான் இருக்க வேண்டும். ஒரு சாண் மூழ்கியிருந்தால் மேலே சேர்ந்த காற்றுக்கு அந்த நீரைத் தள்ளி வெளிவரத் தெம்பு இருக்காது. சத்தம் குறையட்டும் என்று குழாயை அடிவரை இறக்கி விட்டவர்கள் வீட்டில்தான் இது அதிகம்.

வால்வைத் திருகினால் மட்டம் ஏறுகிறது, மறுபடி திருகினால் காற்றை உறிஞ்சுகிறது. நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. எப்படிச் சரிசெய்வது?

அவசரப்படுகிறீர்கள். வால்வை முழுக்கத் திறந்து பம்ப்பைப் போடுங்கள், காற்றெல்லாம் போகட்டும். பிறகு கால் சுற்று மூடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் மட்டம் புது நிலைக்கு வர ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி திருகினால் எந்தத் திருகலுக்கு எந்த மாற்றம் என்று தெரியாமல் போய்விடும். போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

ஹெர்பியில் மட்டம் அவசரக் குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். மூன்று குழாய் முறையில் திறந்த குழாய்க்குள் மெல்லிய வழிவு தெரியும் வரை மூடினால் போதும், நுணுக்கம் பார்க்கத் தேவையில்லை. புதியவர்களுக்கு அந்த முறையை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது.

ஒரு வாரம் சத்தமே இல்லை. வால்வைத் தொடவே இல்லை. இப்போது மறுபடி கொளகொள என்கிறது. ஏன்?

வால்வு மாறவில்லை, ஓட்டம் மாறிவிட்டது. ரிட்டர்ன் பம்ப்பின் வாயில் பாசி அடைத்தால் ஏறும் நீர் குறையும். பழைய அளவில் திறந்திருக்கும் வால்வு அதைவிட வேகமாக இறக்கி, மட்டம் தாழ்ந்து, காற்றை இழுக்கும். வெயில் காலத்தில் ஃபேன் வைத்துக் குளிர்விப்பவர்களுக்கு இன்னொன்று: ஆவியாதல் அதிகமாகி, சம்ப்பில் பம்ப் நிற்கும் பகுதியில் நீர் குறைந்து, பம்ப்பே காற்றைக் குடிக்கத் தொடங்கும். தானாக நீர் நிரப்பும் மிதவை அமைப்பு ஒன்றை வைத்துவிட்டால் இது தீரும்.

எதிர்ப்பக்கமாக, மட்டம் ஏறி அவசரக் குழாயில் நீர் விழுகிறது என்றால் சைஃபனில் அடைப்பு. சைஃபன் வாயில் நத்தையோ, பிய்ந்து வந்த கடற்பாசியோ உட்கார்ந்திருக்கும். கீழ்முனையில் ஃபில்டர் துணிப்பை மாட்டியிருந்தால் அதுவும் நிறைந்து முனையை மூழ்கடித்திருக்கும். வழியும் தடுப்பில் சீப்புப் பல் போன்ற வெட்டுகள் இருந்தால் பெரிய நத்தைகள் தடுக்கப்படும். குட்டிகளைத் தடுக்க வழியில்லை.

குழாய் அமைதிதான். ஆனால் பெட்டிக்குள் நீர் விழும் சத்தம், ஹாலுக்குள் ஒகேனக்கல் வந்துவிட்டது என்று வீட்டில் திட்டுகிறார்கள். அதற்கு என்ன வழி?

விழும் உயரத்தைக் குறையுங்கள். பெட்டிக்குள் நிற்கும் குழாய்கள் குட்டையாக இருந்தால் உள்மட்டம் தாழ்ந்து, நீர் ஒரு அடி உயரத்திலிருந்து குதிக்கும். அவசரக் குழாயை உயரமாக்கி வால்வைக் கொஞ்சம் மூடினால் உள்மட்டம் ஏறும். தடுப்பின் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே வரை கொண்டுவாருங்கள், சத்தம் காணாமல் போகும். உள்ளே நிற்கும் குழாய்களைப் பசை போட்டு ஒட்டாமல் வெறுமனே செருகி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். உயரத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

தடுப்பின் நீளமும் முக்கியம். மணிக்கு 3000 லிட்டர் ஒரு அடி நீளத் தடுப்பில் வழிந்தால் நீர்ப்படலம் 13 மி.மீ. தடிமனாக நிற்கும், இரண்டடி நீளத்தில் 8 மி.மீ. படலம் மெல்லிசானால் விழும் ஓசையும் மெல்லிசாகும், கரண்ட் போகும்போது இறங்கும் நீரும் குறையும். மூலைப் பெட்டியைவிட பின்சுவர் நெடுக நீளும் ஒடுக்கமான பெட்டியை நான் விரும்புவது அதனால்.

அவசரக் குழாய் எப்போதும் காய்ந்தே கிடக்கிறது. வீணாகத்தானே நிற்கிறது, அதை ரிட்டர்னாக மாற்றிக்கொள்ளலாமா?

காய்ந்து கிடப்பதுதான் அதன் வேலை. மாற்றாதீர்கள், அதில் வால்வும் போடாதீர்கள், வலையும் கட்டாதீர்கள். அதன் கீழ்முனையை சம்ப் நீருக்கு மேலே விட்டு வையுங்கள். நீர் விழத் தொடங்கினால் சளசளவென்று காதில் விழும், அமைதியான அமைப்பில் அதுவே எச்சரிக்கை மணி.

மீன் விடும் முன் ஒரு சோதனை. சைஃபன் வால்வை முழுக்க மூடிவிட்டு பம்ப்பை ஓட்டுங்கள். மற்றக் குழாய்கள் மட்டுமே மொத்த நீரையும் இறக்க வேண்டும், தொட்டி விளிம்பில் ஒரு சொட்டு வழியக் கூடாது. வழிந்தால் பம்ப் பெரியது அல்லது குழாய் சிறியது. பிறகு பம்ப்பை நிறுத்தி நிறுத்திப் போட்டு, ஒவ்வொரு முறையும் தானாக சைஃபன் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கெல்லாம் உப்புநீர் கலக்க வேண்டுமா? போர்வெல் நீர் போதாதா?

சோதனைக்குப் போர் நீரே போதும். பி.வி.சி. பசை ஒரு முழு நாள் காய்ந்த பிறகு நிரப்புங்கள், முடிந்ததும் வடித்துவிடுங்கள். மீனுக்கான உப்பை மட்டும் அதில் கலக்காதீர்கள். நம் இரு மாவட்ட நிலத்தடி நீரின் ஃபுளோரைடு ஊரறிந்தது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான். கடினத்தன்மையும் அதிகம். குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். எந்த நீராக இருந்தாலும் ஆர்.ஓ., அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் தாதுக்களையும் நீக்கும் டி.ஐ. ரெசின், பின்புதான் உப்பு. ஆவியானதற்கு ஈடாக நிரப்புவதும் அதே நீர்தான், அதில் உப்பு சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை.

வீட்டு இன்வர்ட்டரில் ரிட்டர்ன் பம்ப்பை இணைத்துவிட்டால் கரண்ட் கவலையே இல்லையே?

இணைக்கலாம், ஆனால் பேட்டரியை அது தின்றுவிடும். நாள் முழுக்க மின்தடை என்றால் ஒரு சிறிய வேவ்மேக்கரை மட்டும் இன்வர்ட்டரில் விடுங்கள். மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் மேற்பரப்பு கலங்கினாலே கிடைத்துவிடும். ஓவர்ஃப்ளோ நின்றால் நிற்கட்டும், ஒழுங்காகச் செய்திருந்தால் தானே கிளம்பிவிடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஏ.சி. பம்ப்புகள் உறுமும், சூடாகும். சைன் வேவ் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் சொன்னபடி மூன்று குழாய் போட்டேன் சார். ஓவர்ஃப்ளோ சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. இப்போது இதுவரை கேட்காத வேறு சத்தமெல்லாம் கேட்கிறது!

எல்லோரும் சொல்வதுதான். பெரிய சத்தம் போனதும் சின்னச் சத்தங்கள் மேலே வரும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாய் சீறினால், அதன் முனையில் வரும் சைலன்சரில் உப்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் கழுவினால் போகும். பம்ப் கிரானைட் பலகையின் மேலோ சம்ப் கண்ணாடியின் மேலோ நேராக உட்கார்ந்திருந்தால் அதிர்வு ஸ்டாண்டு முழுக்கப் பரவும். அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, பம்ப்புக்கும் பி.வி.சி.க்கும் நடுவில் ஒரு சாண் சிலிகான் குழாய் கொடுங்கள். ஸ்டாண்டுக் கதவின் உள்பக்கம் ஃபோம் ஒட்டலாம். பின்பக்கத்தை மட்டும் திறந்தே விடுங்கள். ஈரமும் சூடும் வெளியே போக வழியில்லாவிட்டால் மே மாதத்தில் சில்லர் நிற்காமல் ஓடும், அந்தச் சத்தத்துக்கு என்னிடம் குழாய் வைத்தியம் கிடையாது.